திரையில் இளமை கண்ட சத்தியஜித் ராய்

வங்கத் திரைக்கலைஞர் சத்தியஜித் ராயின் பெயரைக் கேட்டவுடன் யாவரும் ‘பதேர் பாஞ்சாலி’ என்பர். நாணற்பூ வெளியில் ஓடும் இரு குழந்தைகளையும், தொலைவில் புகை கக்கிச் செல்லும் இரயிலையும் படம் பார்க்காதவர்கூட அறிவர். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரை விட்டுப் பெருநகருக்குப் படிக்க வந்த நம்போன்ற மாணவர்க்கு உரிய படம் அதுவன்று. அதனை அடுத்து 1956-இல் அவர் எடுத்த ‘அபராஜிதோ’வே நம் படம். வெனிசு நகரத்து விழாவில் தங்கச் சிங்கம் என்னும் முதற்பரிசைப் பெற்ற அந்தப் படத்தை, அவர் பிறந்த கல்கத்தா நகரத்து மக்கள் ஏற்கவில்லை. உலகம் ஏற்றதை ஊர் ஏன் தள்ளியது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் அவர் வாழ்க்கையைப் படிக்கலானேன். படித்ததில் நம் மன்ற நண்பர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

ராய் 1921-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் கல்கத்தாவில் கார்ப்பார் சாலையில் இருந்த குடும்ப வீட்டில் பிறந்தார். வீடு என்றா சொன்னேன்? அது ஓர் அச்சுக்கூடமும் ஆகும். பாட்டனார் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், இசைவல்லுநர். இவற்றோடு அச்சுத்தொழிலில் ஆராய்ச்சியாளர். ஒளிப்படத்தை அச்சில் ஏற்ற வேண்டுமானால் அதனைச் சிறுசிறு புள்ளிகளாக உடைக்க வேண்டும். அந்தப் புள்ளிகளின் பருமன் திரையின் இடைவெளியையும் ஒளித்துளையின் அளவையும் எவ்வாறு சார்ந்திருக்கிறது என்பதை அவர் கல்கத்தாவில் இருந்தபடியே கணக்கிட்டார். இங்கிலாந்தின் பென்ரோசு ஆண்டு மலர் அவருடைய கட்டுரைகளை வெளியிட்டது. அவர் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை! நம் ஆய்வுக்கூடத்தில் கருவி போதவில்லை என்று குறைப்படும் நாம் இவரை நினைத்துக்கொள்ளலாம். 1913-இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கியவரும் இவரே.

தந்தை சுகுமார் ராய் மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்று பட்டம் பெற்றவர். அறிவியல் மாணவர்க்கு நகைச்சுவை வராது என்பார்க்கு இவரே மறுமொழி. வங்கக் குழந்தைகள் இன்றும் பாடி மகிழும் பொருளற்ற பாட்டுகளை, பொருள் பொதிந்த பித்துகளை எழுதியவர் அவர். அவரைக் காலா-ஆசார் என்னும் கருங்காய்ச்சல் பற்றியது. மகன் பிறந்த ஆண்டிலேயே பற்றிய நோய் 1923 செப்டம்பரில் உயிரைக் கொண்டுபோயிற்று. அதே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மசாரி யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது. அது நோயாளர் கைக்குப் பரவலாக வந்து சேருமுன் சுகுமார் போய்விட்டார். வயது 35. மகனுக்கு இரண்டரை வயதும் நிரம்பவில்லை. வேதியியல் மாணவன் என்ற முறையில் இந்த ஆண்டுக் கணக்கைப் படித்தபோது என் மனம் வெகுநேரம் அங்கேயே நின்றது.

அச்சுக்கூடம் கடனில் மூழ்கிக் கைமாறிற்று. தாய் சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தெற்குக் கல்கத்தாவில் தம் உடன்பிறந்தார் வீட்டுக்குச் சென்றார். கைம்பெண்களுக்கான கல்வி நிலையம் ஒன்றில் கைவேலை கற்பித்து வந்த ஊதியத்தில் மகனை வளர்த்தார். பெரிய குடும்பம் ஒன்று நொடித்துப்போன பின், மாமன் வீட்டில் தாயும் மகனுமாக வாழ்ந்த வாழ்வு அது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

நகரத்தில் வளர்ந்த பையனின் இளமை எப்படியிருந்தது? பாலிகஞ்சு அரசினர் பள்ளியில் படிப்பு. பள்ளி விட்டால் ஆலிவுட் படம். படங்களுக்கு மதிப்பெண் போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தான். தியானா டர்பின் என்னும் இளநடிகைக்கு அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினான், மறுமொழியும் வந்தது! காசு சேர்த்து மேனாட்டு இசைத்தட்டு வாங்கினான். பீத்தோவன் அவனுக்கு வழிபடு தெய்வம் ஆனார். வங்கத்துச் சிற்றூர் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. சிற்றூரை இந்தியத் திரையில் முதன்முதல் உண்மையாகக் காட்டியவர் என்று புகழப்படுபவர், சிற்றூரில் ஒரு திங்களும் வாழாத பட்டணத்துப் பிள்ளை என்பது வியப்பன்றோ?

மாநிலக் கல்லூரியில் முதலில் அறிவியலும் பின்னர்ப் பொருளியலும் படித்தார். பொருளியலில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. பட்டம் பெற்றதும் வேலைக்குப் போக விரும்பினார். தாய்க்கோ மகன் இரவீந்திரநாதரின் சாந்திநிகேதனத்தில் சில காலம் இருக்க வேண்டும் என்பது ஆசை. பட்டணத்தை விட்டுப் போக மகனுக்கு மனமில்லை. ஆயினும் தாய் சொல்லைத் தட்டாமல் 1940-இல் போனார். நந்தலால் போசு, பினோத்பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். அசந்தா, எல்லோராக் குகைகளைச் சென்று கண்டார். இந்தியக் கலை என்று ஒன்று இருப்பதை அவர் அறிந்தது அங்கேதான். படிப்பை முடிக்காமலே 1942-இல் திரும்பிவிட்டார்.

மறு ஆண்டு டி. ஜே. கீமர் என்ற ஆங்கில விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் ஓவியராகச் சேர்ந்தார். அதனோடு சிக்னெட் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டை வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைச் சிறுவர்க்காகச் சுருக்கி வெளியிட்டபோது, அதற்குப் படம் வரையும் வேலை இவரிடம் வந்தது. வரைந்த படங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. 1947-இல் நண்பர் சிதானந்த தாசு குப்தா முதலியோருடன் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் தம் படப்பிடிப்புக்காகக் கல்கத்தா வந்தபோது அவருடன் இடம் பார்க்கச் சுற்றினார். 1950-இல் நிறுவனம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. விளம்பரம் கற்கப் போனவர் ஏறத்தாழ நூறு படம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவற்றுள் ஒன்று இத்தாலியின் ‘மிதிவண்டித் திருடர்கள்’. தொழில்முறை நடிகர் இல்லாமல், தெருவிலேயே படம் எடுக்கலாம் என்ற துணிவை அது தந்தது. திரும்பும் கப்பலிலேயே படத்திற்குத் திட்டம் எழுதத் தொடங்கினார்.

‘பதேர் பாஞ்சாலி’ எடுத்த கதையைப் பலர் எழுதியுள்ளனர். நான் விரைந்து சொல்லிச் செல்கிறேன். 1952 அக்டோபர் 27-இல் முதற்காட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. மற்ற நாள் அலுவலகம். அடுத்து அதே இடத்திற்குப் போனபோது நாணற்பூவை மாடுகள் தின்றிருந்தன! ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என்னிலும் ஒன்று குறைவு. அவர் அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியதே இல்லை. ராய் இசைத்தட்டுகளை விற்றார். மனைவி விஜயாவின் நகை அடகுக்குப் போயிற்று. பணமின்றிப் படம் நின்றுபோனபோது, தாய் சுப்ரபாதான் தமக்குத் தெரிந்த ஒருவர் வழியாக முதலமைச்சர் பி. சி. ராயை அணுகினார். மேற்கு வங்க அரசு பணம் தந்தது. படத்தின் பெயரில் பாதை இருந்ததால் அரசுக் கணக்கில் சாலை மேம்பாட்டுச் செலவாக எழுதப்பட்டது என்பர். 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் படம் வெளிவந்தது. சில வாரத்தில் மக்கள் திரண்டனர். மறு ஆண்டு கான் நகர விழாவில் பரிசும் கிடைத்தது.

இனி ‘அபராஜிதோ’வுக்கு வருவோம். வெல்லப்படாதவன் என்பது அதன் பொருள். முதற்படத்தில் சிறுவனாக இருந்த அபு இதில் காசியில் தந்தையை இழக்கிறான். தாய் சர்வஜயா செல்வர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். பிறகு மகனை அழைத்துக்கொண்டு வங்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேர்கிறாள். மகன் குலத்தொழிலாகிய பூசையைக் கற்றுக்கொள்கிறான். ஆனால் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் பூசை, பகலில் பள்ளி என்று தாயிடம் கேட்டு இசைவு பெறுகிறான். தலைமையாசிரியர் அவனுக்கு அறிவியல் நூல்களைத் தருகிறார். பையன் சூரியக் கடிகாரம் செய்து தாய்க்குக் காட்டுகிறான். கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்று அவளுக்கு விளக்குகிறான். அறிவியல் மாணவன் ஒருவன் உருவாவதை இவ்வளவு மகிழ்ச்சியோடு காட்டிய இந்தியப் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. மாவட்டத்தில் இரண்டாவதாகத் தேறி மாதம் 10 ரூபாய் உதவித்தொகை பெறுகிறான். கல்கத்தாவுக்குப் போகிறேன் என்கிறான். தாய் மறுக்கிறாள், அடிக்கிறாள், பிறகு தான் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். ஆசிரியர் தந்த உலக உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு பதினாறு பதினேழு வயதுப் பையன் இரயில் ஏறுகிறான்.

நகரத்தில் அவனுக்கு என்ன நடக்கிறது? ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அதுதான் இப்படத்தின் அழகு. அச்சுக்கூடம் ஒன்றில் இரவில் வேலை. அதற்கு ஈடாகத் தங்க ஓர் அறை. அறையில் மின்விளக்கு இருப்பதைக் கண்டு மகிழ்கிறான். பகலில் கல்லூரி. இரவெல்லாம் உழைத்த களைப்பில் வகுப்பில் உறங்கிவிட, ஆசிரியர் வெளியே அனுப்புகிறார். நண்பனோடு ஆற்றங்கரையில் அமர்ந்து பேசுகிறான். அவ்வளவே. இதே காலத்தில் உலகின் பிற நகரங்களிலும் இளைஞரைப் பற்றிப் படம் எடுத்தனர். 1955-இல் வந்த நிக்கலசு ரேயின் அமெரிக்கப் படத்தில் லாசு ஏஞ்சல்சு நகரத்துப் பையன் பெற்றோரிடம் சீறுகிறான்; கத்திச் சண்டையும் கார்ப் பந்தயமும் உண்டு. 1959-இல் பாரிசில் பிரான்சுவா துரூஃபோ எடுத்த படத்தில் அந்துவான் என்னும் சிறுவன் தட்டச்சுப் பொறியைத் திருடிச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறான். நம் நாட்டிலேயே ரித்விக் கட்டக் என்ற மற்றொரு வங்கப் பேரியக்குநர், ஊரை விட்டு ஓடிவந்த சிறுவனின் கண் வழியாகக் கல்கத்தாவைக் காட்டினார். இவையெல்லாம் நல்ல படங்கள். ஆயினும் அபு திருடவில்லை, ஓடவில்லை, எவரையும் எதிர்த்துப் பேசவில்லை. அவன் செய்தது ஒன்றே: தாயின் கடிதத்திற்குத் தேர்வு நெருங்குகிறது என்று எழுதி ஊருக்குப் போகாமல் இருந்தான். அந்தக் கடிதத்தை நம் விடுதியில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்! இப்போது கடிதம் இல்லை, தொலைபேசி. வேறுபாடு அவ்வளவுதான்.

விடுமுறைக்கு ஊர் வரும் மகனிடம் தாய் இரவில் பேசிக்கொண்டே இருக்கிறாள். நீ சம்பாதிக்கத் தொடங்கியதும் உன்னோடு வந்து இருப்பேன், எனக்குக் கடும் நோய் வந்தால் மருத்துவம் பார்ப்பாயா என்று கேட்கிறாள். மகன் உறங்கிவிட்டான். திரும்பிப் பார்த்து விளக்கை அணைக்கிறாள். மற்றொரு முறை அவன் நிலையம் வரை போய், வந்து நின்ற இரயிலில் ஏறாமல் வீடு திரும்பி, இரயில் தப்பிவிட்டது என்கிறான். ஒரு நாள் கூடக் கிடைத்தது அவளுக்கு. மகன் அன்பில்லாதவன் அல்லன் என்பதற்கு ராய் காட்டும் சான்று இது ஒன்றுதான்; இது போதும். பிறகு நோய் முற்றுகிறது. படிப்புக் கெடும் என்று மகனுக்கு எழுத விடாமல் தடுக்கிறாள். மரத்தடியில் அமர்ந்து தொலைவில் செல்லும் இரயிலைப் பார்க்கிறாள். இருளில் மின்மினி பறக்கிறது. அபு வந்து சேரும்போது வீடு வெறுமையாக இருக்கிறது. அழுகிறான். ஊரிலேயே தங்கிப் பூசை செய் என்கிறார் முதியவர். அவன் மறுத்து, சடங்குகளைக் கல்கத்தாவிலேயே செய்துகொள்வதாகச் சொல்லி மூட்டையோடு நடக்கிறான். தேர்வு இருக்கிறது.

விபூதிபூஷண் தம் நாவலில் ஒன்றைத் துணிந்து எழுதியிருந்தார். தாய் இறந்த செய்தி கேட்ட அபுவுக்கு முதலில் தோன்றியது துயரம் அன்று. கட்டு அவிழ்ந்தாற்போன்ற ஒரு விடுதலை உணர்வு. அதன்பின்னரே துயரம் வந்தது என்பது அந்த இடம். ராயை இந்த இரண்டாம் படத்திற்கு இழுத்ததே அந்த இடந்தான். நாவலில் வரும் லீலா என்ற செல்வர் வீட்டுப் பெண்ணையும் படத்தில் சேர்க்க முயன்றார். நடிகை அமையாததால் அப்பகுதியையே நீக்கிவிட்டார். என் கருத்து, நீங்கியது நல்லதே. நகரம் மகனை ஈர்க்க ஒரு பெண் வேண்டுமா? மின்விளக்கும் புத்தகமும் போதாவா? காதலால் தாயை மறந்தான் என்றால் மக்கள் எளிதில் மன்னித்திருப்பர். படிப்பால் மறந்தான் என்றதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

1956 அக்டோபரில் படம் வெளிவந்தது, ஓடவில்லை. தாய்க்கும் மகனுக்கும் உள்ள உறவை இப்படியா காட்டுவது என்று நகரத்து நடுத்தர மக்கள் மனம் சுளித்தனர். அவர்களைப் பழிக்க நான் முன்வரவில்லை. ஏனெனில் என் ஊரை எண்ணிப் பார்க்கிறேன். பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்து நல்லேப்பிள்ளி என் ஊர். என் பாட்டனார் பொள்ளாச்சிப் பக்கமிருந்து அங்குக் குடியேறியவர். கேரள எல்லைக்குள் இருந்தும் வீட்டில் தமிழே பேசுகிறோம். அதே வட்டத்து வடவன்னூர், எம்.ஜி.ஆரின் தாயார் சத்தியபாமாவின் ஊர். ஆதலால் எங்கள் பக்கத்தில் எம்.ஜி.ஆரை உறவினராகவே பேசுவர். என் அப்பத்தா இன்றும் தாய்ப்பாசம் என்றால் அவர் படத்தைத்தான் எடுத்துக்காட்டுவார். ‘அபராஜிதோ’ தோற்ற அதே 1956-இல் தமிழகத்தில் வெற்றி நடை போட்ட படம் எது தெரியுமா? எம்.ஜி.ஆரின் ‘தாய்க்குப்பின் தாரம்’! சின்னப்பத் தேவரின் நிறுவனம் அந்தப் படத்தால்தான் கால் ஊன்றிற்று. தாய்க்காக உயிரையும் கொடுக்கும் மகனை ஒரு திரையிலும், தாய்க்காகத் தேர்வை விடாத மகனை மற்றொரு திரையிலும் ஒரே ஆண்டில் இந்திய மக்கள் கண்டனர். எதைத் தேர்ந்தனர் என்பதில் வியப்பு என்ன?

ஆனால் நண்பர்களே, முன்னவன் நாம் ஆக விரும்பும் மகன். பின்னவன் நாமாகவே இருக்கும் மகன். என் வகுப்பில் அறுபது கல் தொலைவிலிருந்து வந்தவரும் உண்டு, அறுநூறு கல் தொலைவிலிருந்து வந்தவரும் உண்டு. தாயை மறந்தவர் எவரும் இல்லை. இருந்தும் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தால் ஆய்வுக்கூடத்தில் தங்கிவிடுகிறோம். ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே திரும்பும் பேருந்தை எண்ணுகிறோம். இது கொடுமையா, வளர்ச்சியா? ராய் தீர்ப்புச் சொல்லவில்லை. மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. தாயைத் தெய்வமாக்கிப் பீடத்தில் ஏற்றவும் இல்லை. இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்க, ஒருவர்க்கு நேர்வது மற்றவர்க்கு இழப்பாகிறது என்பதை மட்டும் காட்டி நிறுத்திவிட்டார். அவரோ தாய் சொல் கேட்டுச் சாந்திநிகேதனம் சென்றவர். திருமணத்திற்குப் பின்னும் தாயோடு வாழ்ந்தவர். படம் வந்தபோது சுப்ரபா உயிரோடு இருந்தார்; 1960-இல்தான் மறைந்தார். ஒரே மகனைக் கைவேலை கற்பித்து வளர்த்த அந்தக் கைம்பெண்ணின் கண்முன்னே, சமையல் வேலை செய்து மகனை வளர்த்த கைம்பெண்ணின் கதையை மகன் இப்படி எடுத்தார் என்பதை நினைக்கும்போது, அந்தத் துணிவு சிறிதன்று என்று தோன்றுகிறது.

அறிவியல் மாணவர்க்கு இப்படத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. காசி நகரத்து வீட்டின் நடுமுற்றத்தைக் கல்கத்தாவில் படப்பிடிப்பு நிலையத்தினுள் அமைத்தனர். கலை அமைப்பாளர் பன்சி சந்திரகுப்தா. உண்மையான முற்றத்தில் வெயில் நேரே விழாது; மேலே திறந்த வானத்திலிருந்து ஒளி எப்பக்கமும் பரவி இறங்கும்; நிழல் மென்மையாக இருக்கும். நிலையத்து விளக்குகளோ ஆளுக்கு இரண்டு மூன்று கூரிய நிழல்களைக் கொடுக்கும். சுப்ரத மித்ரா என்ன செய்தார்? முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை வானம்போல் இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்மேல் காட்டாமல் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறி இறங்கிய ஒளி வான ஒளியாகவே தோன்றிற்று. புள்ளி அளவான ஒளிமூலத்தைப் பரந்த ஒளிமூலமாக மாற்றினால் நிழலின் விளிம்பு கரையும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடந்தானே! படித்தோம், அவர் செய்தார். பார்ப்பவர் அது காசியில் எடுத்தது என்றே நம்புவர்.

1957-இல் வெனிசு விழாவில் சப்பானிய மேதை குரோசாவா, இத்தாலிய மேதை விசுகோந்தி ஆகியோரின் படங்களும் போட்டியில் இருந்தன. ‘அபராஜிதோ’ முதற்பரிசு பெற்றது. மூன்றாம் படமும் உண்டா என்று அங்கே கேட்டனர். உண்டு என்று சொல்லிவிட்டு வந்தார். இடையில் வேறு இரு படங்களை எடுத்து, 1959-இல் ‘அபூர் சன்சார்’ வழியாக அபுவின் கதையை முடித்தார். சௌமித்ர சட்டர்ஜியும், பள்ளிச் சிறுமியாக இருந்த சர்மிளா தாகூரும் திரைக்கு வந்தது அதில்தான்.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று எனப் படம் எடுத்தார். எல்லாவற்றையும் அடுக்கினால் இதழாசிரியர் என்னைக் கடிந்துகொள்வார். நகரத்து இளமை என்ற பொருளுக்கு உரியவற்றை மட்டும் சொல்கிறேன். 1963-இல் வந்த ‘மகாநகர்’, வேலைக்குப் போகும் குடும்பப் பெண்ணின் கதை. அதில் நாத்தியாக வரும் பள்ளிப் பெண், பின்னாளில் இந்தித் திரையில் பெரும்புகழ் பெற்ற செயா பாதுரி. 1970-இல் ‘பிரதித்வந்தி’. நக்சல்பாரிக் கிளர்ச்சியும் வேலையின்மையும் கல்கத்தாவை உலுக்கிய காலம். தந்தை இறந்ததால் மருத்துவப் படிப்பை விட்ட சித்தார்த்தன் வேலைக்கு அலைகிறான். படத்தின் தொடக்கத்தில் தந்தையின் சாவை எதிர்ப்படிச் சுருளிலேயே, வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் காட்டுவார் ராய். நேர்காணலில் அண்மைக்காலத்தின் பெரும் நிகழ்ச்சி எது என்று கேட்கின்றனர். நிலவில் மனிதன் இறங்கியதை அவன் சொல்லவில்லை; வியத்நாம் மக்களின் எதிர்ப்பைச் சொல்கிறான். வேலை போயிற்று. நிலவுப் பயணம் எதிர்பார்த்ததே, எளிய மக்களின் உறுதி எதிர்பாராதது என்பது அவன் வாதம். அறிவியல் படிக்கும் எனக்கு நிலவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆயினும் வாதத்தில் குற்றம் காணவும் முடியவில்லை. கடைசி நேர்காணலில் வெப்பம் தாளாமல் மணிக்கணக்காகக் காத்திருக்கும் இளைஞர் எலும்புக்கூடுகளாகத் தெரியும் காட்சி ஒன்று உண்டு. வேலை தேடிப் போகுமுன் அதைப் பார்க்காதிருப்பது நலம். 1971-இல் ‘சீமாபத்த’, 1976-இல் ‘ஜன ஆரண்ய’ என்று இவ்வரிசை தொடர்ந்தது. மூன்றாவதில் பட்டதாரி இளைஞன் தரகனாகித் தரங்கெடுகிறான். அபுவைப் போல் கதிரவனை நோக்கி நடந்த பையன் இருபது ஆண்டில் எங்கே வந்து நின்றான் என்று காட்டுவதுபோல் இருக்கிறது. அவர் எடுத்தவற்றுள் மிகக் கசப்பானது அதுவே என்பேன்.

கசப்பிலேயே நின்றவர் அல்லர் அவர். பாட்டனாரின் ‘சந்தேஷ்’ இதழை 1961-இல் நண்பரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கினார். அதற்காகவே பேராசிரியர் சங்கு என்னும் அறிவியலறிஞரையும், பெலுதா என்னும் துப்பறிவாளரையும் படைத்தார். பெலுதாவின் கதைகளைச் சொல்பவன் தோப்சே என்னும் பள்ளிப் பையன். திரையில் வேலையின்றி அலைந்த கல்கத்தா இளைஞரை எடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தப் பையன் கண்ணால் கல்கத்தாவை மகிழ்ச்சியாகவும் எழுதிக்கொண்டிருந்தார். படத்தை விடப் புத்தக வருவாயே தம் குடும்பத்திற்கு உறுதியாக இருந்தது என்பதும் அறியத்தக்கது.

தமிழர்க்கு உரிய இரண்டு செய்திகளை விடக்கூடாது. பாட்டனாரின் கதையை ஒட்டி 1969-இல் அவர் எடுத்த ‘கூபி கைனே பாகா பைனே’ படத்தில் பேய்கள் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. நான்கு வகைப் பேய்களுக்கு நான்கு தாளக் கருவிகள்: மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங்கு. வங்கத்துப் பேய்கள் நம் தாளவாத்தியக் கச்சேரிக்கு ஆடுவதைக் கேட்கும்போது சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வரும். மற்றொன்று, 1976-இல் அவர் எடுத்த ‘பாலா’ என்னும் ஆவணப்படம். பாலசரசுவதி அம்மையாரின் பரதத்தைச் சிறுவனாகக் கல்கத்தாவில் கண்டவர், நாற்பது ஆண்டு கழித்துத் தமிழக அரசின் துணையோடும் பம்பாயின் தேசிய நிகழ்த்துகலை மையத்தின் துணையோடும் அதனைப் படமாக்கினார். கடற்கரை மணலில் காற்று புடைவையை அலைக்கழிக்க, அம்மையார் ஆடிக்காட்டும் இடம் அதில் உண்டு. காலந் தாழ்த்தி எடுத்தார் என்று குறை கூறுவோர் உண்டு. அம்மையாருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. எடுக்காமல் விட்டிருந்தால் நமக்கு எது மிஞ்சியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

1983-இல் படப்பிடிப்பின்போது மாரடைப்பு வந்தது. அதன்பின் சில ஆண்டு ஓய்வு. மீண்டும் எழுந்து மூன்று படம் எடுத்தார். 1989-இல் எடுத்த ‘கணசத்ரு’, கோயில் தீர்த்தத்தில் நோய்க்கிருமி இருப்பதை ஆய்வுக்கூட முடிவோடு சொல்லும் மருத்துவர் ஊர்ப்பகைவர் ஆகும் கதை, மூலம் இப்சன். 1991-இல் வந்த ‘ஆகந்துக்’ கடைசிப் படம். 1992-இல் அமெரிக்கத் திரைக்கழகம் வாழ்நாள் சிறப்பு ஆசுகார் விருது வழங்கியது. செல்ல இயலாமல் கல்கத்தா மருத்துவமனையில் படுக்கையிலேயே அதனைப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு பாரத ரத்தினா பட்டமும் வந்தது. ஏப்ரல் 23-ஆம் நாள் மறைந்தார்; வயது 70.

மறைந்த மறு ஆண்டு நேர்ந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் படங்களின் மூலச் சுருள்கள் பல, புதுப்பிப்பதற்காக இலண்டனுக்கு அனுப்பப்பட்டிருந்தன. 1993 சூலையில் அங்கிருந்த எண்டர்சன் படச்சுருள் நிலையத்தில் தீப்பற்றியது. அபுவின் மூன்று படங்களும் அதில் சிக்கின. கருகி, சுருங்கி, விளிம்பு உருகிய சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்கத் திரைக்கழகம் தன் காப்பகத்தில் வைத்திருந்தது. இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோன்யா நகரத்துக் கைவினைஞர் அவற்றை எடுத்தனர். உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த சுருளை ஈரம் ஊட்டும் கரைசலில் இளக்கிப் பிரித்தனர். கிழிந்த துளைகளைக் கையாலேயே ஒட்டினர். ஏறத்தாழ ஆயிரம் மணி நேர வேலை. பின்னரே எண்முறைப் படியாக மாற்றினர். 2015-இல் மூன்று படங்களும் மீண்டும் வெளிவந்தன. இப்போது நமக்குக் கிடைப்பது அந்தப் படியே. ‘பதேர் பாஞ்சாலி’யில் நூற்றுக்கு 40 பங்கும், ‘அபராஜிதோ’வில் 60 பங்குக்கு மேலும் தீயில் தப்பிய அந்த மூலச் சுருளிலிருந்தே எடுக்கப்பட்டவை. ‘அபூர் சன்சா’ரில் எஞ்சிய சுருள்கள் மட்டும் பயன்படும் நிலையில் இல்லை, அதனை வேறு படிகளைக் கொண்டு செப்பனிட்டனர்.